பின்னற் கூடத்து ஆசிரியைகள்

ஆசிரிய கலாசாலைகளிலே கல்வி வரலாறு பயில்வோர் பாலர் பாடசாலையின் தோற்றத்தைப் பெயர்வரிசையொன்றாகவே மனனஞ் செய்து வந்துள்ளனர். ஒபர்லின், ஓவன், புரோபல், மொண்டிசோரி என அவ்வரிசை செல்லும். ஒவ்வொரு பெயரோடும் ஒரு தத்துவமும் ஓர் ஆண்டும் இணைத்துச் சொல்லப்படும். பரீட்சைக்கு இது போதும். சமுதாய வரலாற்றை அறிய விழைவோர்க்கு இது போதாது. விடிந்ததும் கதவைத் திறந்து, குளிர்காலத்தில் நெருப்பு மூட்டி, அழும் குழந்தையின் மூக்கைத் துடைத்து, மாலையில் ஒவ்வொரு பிள்ளையையும் தாயிடம் ஒப்படைக்கும் ஒருத்தியின் உழைப்பினாலேயே பாலர் பாடசாலை இயங்குகிறது. அந்த ஒருத்தியைப் பற்றி நமது நூல்கள் என்ன கூறுகின்றன? அவர் பெற்ற ஊதியம் யாது? அவர் செய்த பணியின் புகழ் யாரைச் சென்றடைந்தது?

இவ்வினாக்களுக்கு விடை காண, மேற்கு ஐரோப்பாவிலே கிறிஸ்தவப் பாலர் பாடசாலையின் தொட்டில் எனப் போற்றப்படும் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் கிழக்கெல்லையில், அல்சாஸ் பிரதேசத்தில், வோஜ் மலைத்தொடரின் மடியிலே பான் டி லா ரோஷ் என்றொரு பள்ளத்தாக்கு உண்டு. ஜேர்மன் மொழியில் அதனை ஸ்டைன்தால் என்பர். கற்பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். ஸ்ட்ராஸ்பேர்க் நகருக்குத் தென்மேற்கே அமைந்த அப்பள்ளத்தாக்கின் மக்கள் லூத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். வால்டர்ஸ்பாக், பெல்மோன், பெல்போஸ், பூடே, சோல்பாக் ஆகியன அவர்களது கிராமங்கள். பெயருக்கேற்பக் கல்லும் பனியும் மலிந்த நிலம். விளைச்சல் குன்றிய ஆண்டுகளில் காட்டுப் பழங்களைத் தின்று உயிர் வாழவேண்டிய நிலை அக்குடிகளுக்கு இருந்தது.

அங்கே கல்வி எந்நிலையில் இருந்தது என்பதற்கு, அப்பள்ளத்தாக்கின் வரலாற்றை எழுதியோர் தவறாது கூறும் செய்தியொன்றுண்டு. 1750 இல் ஸ்டூபர் என்னும் போதகர் வால்டர்ஸ்பாக்கிற்கு வந்து பாடசாலையைக் காண விரும்பினார். அவருக்குக் காட்டப்பட்டது ஒரு சிறு குடிசை. பிள்ளைகள் இரைச்சலிட்டுக் கொண்டிருந்தனர். கிழவர் ஒருவர் கட்டிலிற் படுத்திருந்தார். நீர் இவர்களுக்கு எதைக் கற்பிக்கிறீர் என்று போதகர் வினவ, தமக்கே ஒன்றும் தெரியாதாகையால் ஒன்றும் கற்பிப்பதில்லை என்றார் கிழவர். தாம் நெடுங்காலம் ஊர்ப் பன்றிகளை மேய்த்தவரென்றும், அதற்கு உடலில் வலு இல்லாமற் போனபின் பிள்ளைகளைக் காக்கும் வேலை தரப்பட்டதென்றும் அவர் விளக்கினார். ஆசிரியன் என்ற பெயரே இழிவாகக் கருதப்பட்டதால், தகுதியுள்ள குடும்பத்தார் தம் மைந்தரை அத்தொழிலுக்கு அனுப்ப மறுத்தனர். ஸ்டூபர் அப்பெயரை விடுத்து வேறு கௌரவமான பட்டமொன்றைச் சூட்டியே ஆட்சேர்க்க வேண்டியிருந்தது. பன்றி மேய்க்க இயலாதவனுக்குப் பிள்ளை காக்கும் வேலை: சமுதாயம் தன் குழந்தைகளை எவ்வளவாக மதித்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஸ்டூபருக்குப் பின் 1767 இல் வந்தவரே ஸ்ட்ராஸ்பேர்க்கிற் பிறந்த ஒபர்லின் (1740–1826). அவர் ஆற்றிய பணிகளை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. பள்ளத்தாக்கை வெளியுலகோடு இணைப்பதற்குத் தாமே முன்னின்று மண்வெட்டியேந்திப் பாதை சமைத்தார். ரோத்தோ என்னுமிடத்தில் ஆற்றுக்குப் பாலம் அமைத்தார். சீர்கெட்டுப் போயிருந்த உருளைக்கிழங்கு விதைக்குப் பதிலாகப் புதுவிதை தருவித்தார். எனினும் அவர் வந்து சேர்ந்தது பிரபுத்துவத்தின் நிலமாகும். 1771 இல் இரும்புத் தொழிலதிபரான டீட்ரிஷ் பிரபு அப்பிரதேசத்தின் உரிமையை விலைக்கு வாங்கினார். காட்டின் மரம் உலைக்கா, குடிகளின் அடுப்புக்கா என்பது தீராத பிணக்காயிற்று. காட்டுரிமை பற்றிக் குடிகளுக்கும் பிரபுக்களுக்குமிடையே தலைமுறைகளாக நடந்த வழக்கு 1813 இலேயே முடிவுற்றது. அதனையும் சமரசமாக முடித்து வைத்தவர் ஒபர்லினே. போராடுவோர்க்குப் பொறுமை போதிக்கும் மதகுருவின் இயல்பு அவரிடமும் இருந்தது. பசித்தோரோடு சேர்ந்து மண் சுமக்கும் இயல்பும் அவரிடமே இருந்தது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே வரலாற்று நோக்கு.

இலக்கிய மாணவர் சிலருக்கு வால்டர்ஸ்பாக் வேறொரு வகையில் அறிமுகமாகியிருக்கும். ஜேர்மன் கவிஞர் லென்ஸ் 1778 இன் தொடக்கத்தில் சித்தம் கலங்கிய நிலையில் ஒபர்லினின் இல்லத்தில் தங்கினார். அதனைப் பொருளாகக் கொண்டு புரட்சி எழுத்தாளர் பியூக்னர் எழுதிய 'லென்ஸ்' என்னும் கதை அவரது மறைவுக்குப் பின் 1839 இல் வெளிவந்தது. உலக இலக்கியம் அந்த வீட்டை அறிந்துகொண்டது இவ்வாறே. அதே நாட்களில், அதே பள்ளத்தாக்கின் கிராமங்களிலே, எழுத்துலகம் அறியாத பெண்கள் சிலர் உலகக் கல்வி வரலாற்றின் புதியதோர் அத்தியாயத்தைத் தொடங்கியிருந்தனர்.

அவ்வத்தியாயத்தின் பொருளியல் அடிப்படையை முதலில் நோக்குவோம். மலைச்சரிவிலே சிதறிக் கிடந்த துண்டு நிலங்களில் ஆணும் பெண்ணும் ஒருங்கே உழைத்தாலன்றி உணவில்லை. கல் பொறுக்குவதும், மண்ணைக் கூடையிற் சுமந்து மேலேற்றுவதும், புல்லறுப்பதும் குடும்பம் முழுவதன் வேலையாக இருந்தன. தாய் வயலுக்குச் சென்றால், நடக்கப் பழகிய பிள்ளை தெருவிலே நின்றது. ஆறேழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பாடசாலை இருந்தது. அதற்குக் கீழ்ப்பட்டோர்க்கு ஒன்றுமில்லை. பாலர் பாடசாலை என்னும் நிறுவனம் தாயின் உழைப்பிலிருந்து பிறந்ததென்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். உழைக்கச் செல்லும் தாய் இல்லாத மாளிகைகளில் அதன் தேவை உணரப்படவேயில்லை. அங்கே செவிலியர் இருந்தனர்.

பெல்மோன் கிராமத்திலே சாரா பான்சே என்னும் குடியானவர் மகள் தம் வீட்டில் அயற்பிள்ளைகளைக் கூட்டிவைத்து ஊசிப் பின்னல் பழக்கி வந்தார். அவர் 1745 இல் பிறந்தவர். பின்னல் அப்பள்ளத்தாக்கிற்குப் புதிய கைத்தொழில். காலுறையும் கம்பளிச் சட்டையும் ஏழைக் குடும்பங்களுக்கு அருமையான பொருள்கள். ஊதியம் இல்லாத இவ்வேலையால் வீட்டுவேலை கெடுகிறதென்று அவரது தந்தை தடுத்தார் எனச் சொல்லப்படுகிறது. இதை அறிந்த ஒபர்லின் 1769 இல் சாராவைக் கூலி பேசி அமர்த்தினார். தந்தையின் எதிர்ப்பு ஊதியத்தால் அடங்கியது. பாலர் கல்வியின் வரலாற்றில் இது சிறு நிகழ்ச்சியன்று. பெண்ணொருத்தி தன்னியல்பாகச் செய்து வந்த பிள்ளை பேணும் தொழில், கூலிக்குரிய தொழிலென முதன்முறை ஏற்கப்பட்ட சந்தர்ப்பங்களுள் இது ஒன்று. வழியைக் கண்டவர் சாரா. அதற்கு அமைப்பும் பணமும் தந்தவர் ஒபர்லின். சாரா 1774 இல், இருபத்தொன்பது வயதில் இறந்தார். ஐந்தே ஆண்டுகள் அவருக்குக் கிடைத்தன. ஆயினும் அதற்குள் ஏனைய கிராமங்களுக்கும் இம்முறை பரவத் தொடங்கியிருந்தது.

இக்கூடங்களை ஊரார் அழைத்த பெயர் 'பின்னற் கணப்பறை' என்று பொருள்படும். கணப்பு எரியும் அறையொன்று இருந்தாலன்றிக் குளிர்காலத்தில் குழந்தைகளைக் கூட்டிவைக்க இயலாது. ஆகவே அறையின் பெயரே பாடசாலையின் பெயராயிற்று. அங்கு பணிபுரிந்த பெண்களுக்கு இடப்பட்ட பெயரும் கருதத்தக்கது. ஆசிரியை என்று அழையாது, 'இளம்பருவத்தாரை அழைத்துச் செல்பவர்' என்று பொருள்படும் தொடரினாலே அவர்களை ஒபர்லின் குறித்தார். வழிகாட்டி என நாம் கூறலாம். பிள்ளையின் முன்னே நடப்பவர். பிள்ளையின் அடிவைப்புக்கேற்பத் தம் நடையைக் குறைத்துக் கொள்பவர். அக்காலத்துக் கிராமப் பாடசாலை ஆசிரியரின் கையிலிருந்த பிரம்பையும் நெட்டுருவையும் இப்பெயரோடு ஒப்பிட்டு நோக்கினால் வேறுபாடு புலனாகும்.

வழிகாட்டிகள் செய்த வேலை யாது? மூன்று நான்கு வயது முதல் ஆறேழு வயது வரையான பிள்ளைகள் அவர்களிடம் வந்தனர். ஒரு கூடத்துக்கு இரு பெண்கள் என்பது ஏற்பாடு: ஒருவர் கைவேலையையும் விளையாட்டையும் கவனிக்க, மற்றவர் பாடத்தைக் கவனிப்பார். பெரிய பிள்ளைகள் பின்னுவர், சிறியோர் விளையாடுவர். பின்னும் கைகள் ஓயாதிருக்கையில் வழிகாட்டி கதை சொல்வார். விவிலியக் கதைகளுக்குரிய படங்கள், விலங்குகளும் தாவரங்களும் வரைந்து வண்ணந் தீட்டிய அட்டைகள், மரப்பலகையில் வெட்டி அச்சிட்ட தேசப்படங்கள் ஆகியன கூடத்தில் இருந்தன. முதலிற் பிள்ளையின் சொந்தக் கிராமம், பின்னர் பள்ளத்தாக்கு, அதன்பின் நாடு என்ற ஒழுங்கிலே புவியியல் புகட்டப்பட்டது. வேனிற்காலத்தில் பிள்ளைகளை வயல்வெளிக்கு அழைத்துச் சென்று செடிகொடிகளைப் பறித்து அவற்றின் பெயரும் பயனும் சொல்லிக் கொடுத்தனர். அறிந்ததிலிருந்து அறியாததற்கும், கைக்கெட்டியதிலிருந்து கண்ணுக்கெட்டாததற்கும் செல்லும் இம்முறையைப் பிற்காலத்தவர் பெரும் நூல்களில் விரித்துரைத்தனர். அந்நூல்கள் எழுதப்படுமுன்பே மலைநாட்டுக் குடியானவர் மகளிர் அதனைத் தம் கூடங்களில் கையாண்டனர்.

மொழிப் பிரச்சினையிலும் இவர்களது பங்கு பெரிது. பள்ளத்தாக்கின் மக்கள் பேசியது பிரெஞ்சோடு உறவுடைய வட்டார வழக்கு. ஒபர்லினின் சகோதரரும் மொழியறிஞருமான ஜெரெமி-ஜாக் ஒபர்லின் 1775 இல் அவ்வழக்கைப் பற்றி ஆய்வு நூலொன்று வெளியிட்டார். கற்றோர்க்கு ஆய்வுப் பொருளாகிய அம்மொழி பிள்ளைக்குத் தாய்மொழி. வழிகாட்டியும் அதே மொழியிற் பிறந்தவராகையால், ஒரு செடியின் பெயரை முதலில் வீட்டு வழக்கிற் சொல்லிப் பின்னர் பிரெஞ்சிற் சொல்ல அவரால் முடிந்தது. வெளியூரிலிருந்து வந்த போதகரால் இது எளிதில் இயலாது. மொழியறியா ஏழைக்கு நீதிமன்றமும் சந்தையும் அரசாணையும் அடைத்த கதவுகளே. பிரெஞ்சைக் கற்பித்ததன் வாயிலாக அக்கதவுகள் ஓரளவு திறந்தன. அதேவேளை, ஏறுவதற்குத் துணைநின்ற தாய்மொழி ஏணி, ஏறியபின் எறியப்பட்டது. இன்று அவ்வழக்கு ஏறத்தாழ மறைந்துவிட்டது. தாய்மொழிக் கல்விக்காகப் போராடிய வரலாறு உடைய நம்மவர் இவ்விரு பக்கங்களையும் உணர வல்லவர்.

மதத்தின் பங்கையும் நாம் மழுப்பாமல் நோக்க வேண்டும். இக்கூடங்கள் கிறிஸ்தவக் கூடங்கள். பாட்டும் மன்றாட்டும் நாளை நிறைத்தன. கடவுள் எங்குமிருந்து பார்க்கிறார் என்ற நினைவு பிள்ளை மனத்திற் பதிக்கப்பட்டது. கீழ்ப்படிதல், சிக்கனம், ஓயாத உழைப்பு ஆகியன புண்ணியங்களாகப் போதிக்கப்பட்டன. இத்தகைய புண்ணியங்கள் யாருக்குப் பயன்பட்டன என்று கேட்பது தவறாகாது. 1810களில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்து லெகிரான் குடும்பத்தார் தம் நாடா நெசவுத் தொழிலைப் பூடே கிராமத்துக்குக் கொண்டு வந்தபோது, பின்னலிற் பழகிய விரல்களும் பணிவிற் பழகிய மனங்களும் அங்கே ஆயத்தமாக இருந்தன. ஆனால் இதோடு கதை முடியவில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த டானியல் லெகிரான், தொழிலாளரின் வேலை நேரத்தையும் சிறுவர் உழைப்பையும் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பல நாடுகளும் ஒருங்கே இயற்ற வேண்டுமென அரசாங்கங்களுக்கு மனுமேல் மனு விடுத்தார். சர்வதேசத் தொழிற் சட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவராக ஓவனோடு சேர்த்து அவர் எண்ணப்படுகிறார். ஒரே மண்ணில் பணிவும் விளைந்தது, மனிதாபிமானமும் விளைந்தது. மதத்தின் இவ்விரு முகங்களுள் எது மேலோங்கும் என்பது, அன்றாடம் பிள்ளைகளோடு இருந்த பெண்ணின் உளப்பாங்கையும் அவருக்கிருந்த சுதந்திரத்தையும் பெரிதும் பொறுத்திருந்தது.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793–94 இல் வழிபாடு தடைப்பட்ட காலத்திலும் ஒபர்லின் குடிமகன் என்ற முறையில் மக்களைக் கூட்டி உரையாற்றினார். 1794 இல் புரட்சி அரசின் தேசிய மாநாடு, பிரெஞ்சு மொழியைப் பரப்பியமைக்காக ஸ்டூபரையும் ஒபர்லினையும் பாராட்டிப் பதிவு செய்தது. பிரபுக்களின் பட்டங்களை ஒழித்த புரட்சி அது. மனித உரிமையைப் பிரகடனப்படுத்திய புரட்சி அது. அப்புரட்சியின் பாராட்டும் போதகர் இருவருக்கே உரியதாயிற்று. பிள்ளையின் நாவிலே பிரெஞ்சுச் சொல்லை முதன்முதல் வைத்த பெண்களுக்கு அப்பாராட்டில் இடமில்லை.

இப்பெண்களுள் வரலாறு முற்றாக மறந்துவிடாத ஒருவர் லூயிஸ் ஷெப்ளர். 1763 இல் பெல்போஸ் கிராமத்து ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்தவர். 1779 இல், பதினைந்து வயதளவில், ஒபர்லினின் வீட்டிற்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். வீட்டுவேலையோடு வழிகாட்டியின் வேலையையும் கற்றார். வழிகாட்டிகளைப் பயிற்றுவதிற் பங்கெடுத்திருந்த ஒபர்லினின் மனைவி 1783 இல் இறந்ததும், தாயிழந்த பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பும் வீட்டை நடத்தும் பொறுப்பும் அவர் மீது சுமந்தன. பின்னற் கூடங்களை மேற்பார்வை செய்வதும் அவருடையதாயிற்று. மழையிலும் பனியிலும் கிராமம் கிராமமாக நடந்து சென்று கூடங்களைப் பார்வையிட்டார், வழிகாட்டிகளுக்கு வழிகாட்டியானார். இன்றைய சொல்லாட்சியிற் கூறுவதாயின் அவரே தலைமை ஆசிரியை, அவரே கல்வி அதிகாரி, அவரே பயிற்சியாளர்; இவற்றோடு சமையற்காரியும் அவரே.

1793 ஆம் ஆண்டுப் பிறப்பன்று லூயிஸ் தம் எசமானருக்கு ஒரு கடிதம் எழுதினார். இனித் தமக்குச் சம்பளம் தரவேண்டாமென்றும், தம்மைப் பணிப்பெண்ணாக எண்ணாது மகளாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றும் அதில் வேண்டினார். பக்திமான்கள் இக்கடிதத்தைத் தியாகத்தின் உச்சமாகக் கொண்டாடி வந்துள்ளனர். நாம் அதனைச் சற்று நின்று வாசிக்க வேண்டும். அவர் சம்பளத்தைத் துறந்தது உண்மை. ஆனால் அதற்கு ஈடாக அவர் கேட்டது ஒன்றுண்டு: அந்த வீட்டிலே தமக்கொரு தகுதியான இடம். பதினான்கு ஆண்டுகள் உழைத்தபின்னும் கூலிக்காரி என்ற நிலையிலிருந்து உயர்வதற்கு, கூலியைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியை அவரது சமுதாயம் அவருக்கு விட்டு வைக்கவில்லை. போதகருக்கு ஊதியமும் மதிப்பும் ஒருங்கே கிடைத்தன. பணிப்பெண்ணுக்கோ இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கலாம் என்ற நிலை. அன்பின் பெயரால் இத்தேர்வு நிகழ்ந்தது என்பதனால் அதன் அநீதி மறைந்துவிடாது. அவரது அன்பு பொய்யென்றும் நாம் சொல்லவில்லை. அத்தகைய அன்பு ஊதியத்தோடு சேர்ந்து வாழக் கூடாதென யார் விதித்தார் என்பதே நம் கேள்வி.

1826 இல் ஒபர்லின் மறைந்தார். தம் மரண சாசனத்தில் லூயிசின் அயராத உழைப்பை நினைவூட்டி, அவரைத் தம் பிள்ளைகளின் பராமரிப்பில் ஒப்படைத்திருந்தார். பிள்ளைகளும் நன்றி மறந்தவர்களல்லர். தந்தையின் சொத்தில் தம்மோடு ஒப்பப் பங்கு தருவதாகக் கூறினர். லூயிஸ் அதை மறுத்தார். ஒபர்லின் என்ற பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள மட்டும் அனுமதி கேட்டார். சொத்தை மறுத்துப் பெயரைக் கேட்ட அம்முதியவளின் உள்ளத்தை நாம் எளிதிற் கடந்து செல்ல முடியாது. அரை நூற்றாண்டு காலம் அவர் வளர்த்த நிறுவனம் எவர் பெயரால் அறியப்பட்டதோ, அப்பெயரில் ஒரு பங்கையே அவர் கேட்டார்.

1829 இல் பிரெஞ்சு அக்கடமி அவருக்கு நற்பண்புக்கான மொந்தியோன் பரிசை அளித்தது. 5000 பிராங்கு கொண்ட அப்பரிசு மொந்தியோன் பிரபு விட்டுச்சென்ற அறக்கொடையிலிருந்து வழங்கப்பட்டது. லூயிஸ் பணத்தைப் பாலர் கூடங்களின் நன்மைக்கே ஒதுக்கினார். பரிசுக்குரிய உரையை நிகழ்த்தியவர் உலகப் புகழ்பெற்ற விஞ்ஞானி குவியே. பாலரைக் கூட்டிவைத்துக் கற்பிக்கும் எண்ணம் முதன்முதல் உதித்தது லூயிசின் உள்ளத்திலேயே என்று அவர் சபையிற் புகழ்ந்தார். எலும்புத் துண்டொன்றைக் கொண்டு மறைந்த விலங்கின் முழுவுருவை அறியவல்லவர் எனப் புகழப்பட்ட அறிஞரின் கண்ணுக்கு, பெல்மோன் கிராமத்துச் சாரா பான்சே புலப்படவில்லை. லூயிஸ் பள்ளத்தாக்கின் பணியில் இறங்கியபோது சாரா இறந்து ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பெண்ணைக் கௌரவிக்கும்போதே இன்னொரு பெண்ணை மறந்தனர். கூட்டு உழைப்பாகப் பல பெண்கள் செய்ததை ஒரு தனிமனிதரின் நற்பண்பாக மாற்றினாலன்றிப் பரிசு வழங்க அக்காலத்தவருக்குத் தெரியவில்லை. லூயிஸ் 1837 இல் காலமானார்.

இந்நிலை கற்பள்ளத்தாக்குக்கு மட்டும் உரியதெனக் கருதலாகாது. ஸ்கொட்லாந்தின் நியூ லனார்க் ஆலைக் கிராமத்தில் 1816 இல் பாலர் பாடசாலை திறந்த றொபேட் ஓவன் மதப் பற்றற்றவர். சமதர்மச் சிந்தனையின் முன்னோடி. ஜேம்ஸ் புக்கானன் என்னும் நெசவாளியையும், மொலி யங் என்னும் பதினேழு வயது ஆலைப் பெண்ணையும் அவர் ஆசிரியர்களாக நியமித்தார். பிள்ளையை அடித்தல் ஆகாது, கடுஞ்சொல் ஆகாது என்பது அவர் இட்ட கட்டளை. இருவருள் இயற்கை அறிவில் மேம்பட்டவர் மொலியே என்று ஓவன் தம் சுயசரிதையில் எழுதினார். ஆயினும் இலண்டனில் பாடசாலை தொடங்க அழைக்கப்பட்டவர் புக்கானன். மொலி யங்கின் பிற்கால வாழ்வைக் கல்வி வரலாற்று நூல்கள் பேசுவதில்லை. 1820 இல் இலண்டன் ஸ்பிற்றல்பீல்ட்ஸ் பகுதியில், பட்டு நெசவாளர் பிள்ளைகளுக்கெனப் பாலர் பாடசாலை நடத்திய வில்டர்ஸ்பின், முதல் நாள் நிகழ்ச்சியொன்றைத் தாமே எழுதியுள்ளார். பிள்ளைகள் அனைவரும் தாயை நினைந்து ஓலமிட, எவ்வழியும் பலிக்காமல், தம் மனைவியின் வண்ண நாடா கட்டிய தொப்பியை ஒரு கம்பின் நுனியில் மாட்டி உயர்த்திக் காட்டினாராம், அழுகை ஓய்ந்ததாம். ஆசிரிய கலாசாலைகளில் அத்தொப்பியின் கதை பல தலைமுறை சொல்லப்பட்டது. கணவரோடு உடன் நின்று கற்பித்த அப்பெண்ணின் பெயரைச் சொன்னோர் சிலரே. ஆகவே, மதம் சார்ந்த பாடசாலை, மதம் சாராப் பாடசாலை என்ற வேறுபாடு இவ்விடத்தில் பெரிதன்று. பிள்ளை பேணுதல் பெண்ணுக்கு இயல்பு, இயல்புக்குக் கூலி வேண்டா என்ற கருத்தே இரண்டிலும் ஆட்சி செய்தது.

அக்கருத்தை வரலாறு எங்கேனும் முறியடித்ததா? பிரான்சிலே ஓரளவு முறியடித்தது. பாரிசில் 1826 இல் எமிலி மாலே முதலிய சீமாட்டிகளின் கொடையால் தொடங்கிய பாலர் புகலிடங்கள், 1881 இல் அன்னையர் பாடசாலை என்று பொருள்படும் பெயரோடு பொதுக்கல்வியின் பகுதியாயின. அவற்றின் பொது மேற்பார்வையாளராக விளங்கிய போலின் கெர்கோமார், அராஜகவாதப் புவியியலறிஞர் எலிசே ரெக்லூவின் உறவினர். பாலரைப் படைவீரர் போல் வரிசையில் நிறுத்திப் பழக்கும் முறையைக் கண்டித்து, விளையாட்டே பிள்ளையின் தொழில் என்பதை அவர் நிலைநாட்டினார். 1886 ஆம் ஆண்டுச் சட்டம் அன்னையர் பாடசாலையை ஆரம்பக் கல்வியோடு இணைத்தது. 1889 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் ஊதியத்தை அரசின் பொறுப்பாக்கியது. புரவலரின் கருணையை நோக்கியிருந்த பெண் அரசாங்க ஊழியரானார். அந்நாட்டில் 2019 முதல் மூன்று வயதிலிருந்தே கல்வி கட்டாயமாகும். இதில் ஒரு முரணும் உண்டு: அச்சட்டங்கள் இயற்றப்பட்டபோது அல்சாஸ் ஜேர்மனியின் ஆட்சியில் இருந்தது (1871–1918). சாராவும் லூயிசும் நடந்த பள்ளத்தாக்கை அவை அன்று எட்டவில்லை.

இனி நம் நாட்டை நோக்குவோம். இலங்கையில் மிஷன் பாடசாலைகளின் அரிவரி வகுப்புகளில் எத்தனையோ ஆசிரியைகள் மணலிலே பிள்ளையின் விரல் பிடித்து எழுத்துப் பழக்கினர். மரியா மொண்டிசோரி 1944 இல் இங்கு வந்து ஆசிரியர் பயிற்சி நடத்தினார். 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960–61 இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. இவை யாவும் நம் மக்கள் பெற்ற பெரும் வெற்றிகள். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை இவ்வெற்றிகளின் எல்லைக்கு வெளியே நின்றது. முன்பள்ளிகள் கோவில்கள், தேவாலயங்கள், சங்கங்கள், உள்ளூராட்சி மன்றங்கள், தனியார் எனப் பல கைகளில் விடப்பட்டன. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தத்தின்பின் அவற்றை மேற்பார்வை செய்யும் பொறுப்பு மாகாண சபைகளுக்குரியதாயிற்று. ஆசிரியையின் ஊதியம் பற்றிய பொறுப்பு எவர் தலையிலும் உறுதியாக விழவில்லை.

மலையகத்திலே தாய் கொழுந்தெடுக்கச் செல்கையில் பிள்ளையை விட்டுச் செல்லும் இடத்தைப் பிள்ளை மடுவம் என்பர். கற்பள்ளத்தாக்கின் பின்னற் கூடத்தைத் தோற்றுவித்த அதே காரணமே இதனையும் தோற்றுவித்தது: தாயின் உழைப்பு தேவை, தாயின் கையிலிருந்த பிள்ளை இடையூறு. வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப் பின்னான ஊர்களில், தேவாலய மண்டபத்தின் ஒரு மூலையிலோ தகரக் கொட்டகையிலோ முன்பள்ளி நடத்தும் இளம் பெண்களை நாம் அறிவோம். மாத முடிவில் அவர்கள் பெறுவது ஊதியமென்று அழைக்கப்படுவதில்லை, கொடுப்பனவு எனப்படுகிறது. குறைவென்று வாய்திறந்தால் 'இது சேவையல்லவா' என்று பதில் வருகிறது. லூயிஸ் ஷெப்ளர் தாமே முன்வந்து துறந்ததை, இவர்களிடமிருந்து கேளாமலே எடுத்துக்கொள்கின்றனர்.

கிறிஸ்தவப் பாலர் பாடசாலையின் தலைமை ஆசிரியை வரலாற்றிலே வகித்த பாத்திரம் யாதென இப்போது தொகுத்துக் கூறலாம். பிள்ளையின் வீட்டு மொழிக்கும் உலக மொழிக்குமிடையே அவர் பாலமானார். தாயை உழைப்புக்கும் பிள்ளையை அறிவுக்கும் விடுவித்தார். மதம் போதித்த பணிவை அவர் கற்பித்தார். கூடவே வயல்வெளிச் செடியையும் தேசப்படத்தையும் காட்டிப் பணிவை மீறும் அறிவையும் கற்பித்தார். சேவை என்னும் புனிதச் சொல்லால் அவரது ஊதியமும் பெயரும் மறைக்கப்பட்டன. திரையை விலக்கும் கடமை கல்வித் தொழிலாளராகிய நம்முடையது. நமது ஆசிரிய சங்கங்கள் ஊதிய உயர்வுக்கான கோரிக்கைகளை வரையும்போது, பட்டதாரி ஆசிரியர், பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் வரிசையில் முன்பள்ளி ஆசிரியையையும் சேர்த்து எழுத வேண்டும். நியமனக் கடிதம், மாதச் சம்பளம், சேமலாப நிதி, பிரசவ விடுமுறை ஆகிய நான்கும் அவருக்கும் உரியன. 1769 இல் பெல்மோன் கிராமத்தில் கூலி பேசி ஒப்புக்கொள்ளப்பட்ட உரிமையையே நாம் இன்று கேட்கிறோம்.